அம்மாவின் மெலிந்த ஃபைல்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பீரோவின் அடித்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். புடவைகளுக்குக் கீழே இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று தடித்தது. நூல் போட்டுக் கட்டி, மேலே அம்மாவின் குண்டுக் கையெழுத்தில் ‘அப்பா – ஹார்ட்’ என்று எழுதியிருந்தது. மற்றது என் பழைய கல்லூரி ஃபைல். அட்டையில் என் பெயரும் எம்.ஃபில். என்ற எழுத்துகளும் அடிக்கப்படாமலே இருந்தன. உள்ளே ஒன்பது தாள்கள். அதுதான் அம்மாவுடையது. தனக்கென்று ஒரு புது ஃபைல்கூட அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

பாடபேதம் பார்ப்பது என் தொழில். ஒரே பாட்டு இரண்டு பதிப்புகளில் எப்படி மாறிக் கிடக்கிறது, எந்தச் சொல் எங்கே விழுந்தது என்று தேடித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். அந்த இரண்டு ஃபைல்களையும் தரையில் பக்கம் பக்கமாக விரித்து அப்படித்தான் படித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நோய். இருவருக்கும் எழுதிய மருந்தும் ஒன்றேதான்.

அப்பாவுக்கு 2006-இல் பைபாஸ். அதற்குப் பிறகான பத்து ஆண்டுகளில் பத்தொன்பது கொலஸ்ட்ரால் பரிசோதனைகள், தேதி வாரியாக. அட்டார்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், ஒருநாளும் விடாமல். கடைசித் தாளில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு 62. பஞ்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குத் தன் மாத்திரையின் பெயர் இன்றுவரை தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு அம்மா உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், அவர் தண்ணீரோடு விழுங்குவார்.

அம்மாவுக்கு 2013 ஆடியில் வந்தது. மூன்று நாள் மேல்வயிறு வலி, தோள்பட்டை கடுப்பு, வியர்வை. “வாய்வுதாண்டி, ராத்திரி மொச்ச சாப்ட்டேன்” என்று ஓமத் தண்ணீர் குடித்தாள், சோடா குடித்தாள். நாலாம் நாள் ஈ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு வந்து போயிருந்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து மருந்துகள் எழுதினார்கள், அதில் அட்டார்வாஸ்டாட்டின் 10. அப்பாவின் அளவில் நாலில் ஒரு பங்கு. எட்டு மாதம் கழித்து ஒரு பரிசோதனை. எல்.டி.எல். 104. பக்கத்தில் லேப் அச்சடித்திருந்த இயல்பு அளவு 130-க்குக் கீழே. அதனால் எந்த எண்ணும் தடித்த எழுத்தில் இல்லை. அடுத்த தாளில், ஐந்து மருந்துகளில் ஒன்றின் மேல் ஒரு கோடு.

அந்தக் கோடு விழும்போது நானும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். “கொழுப்பு நார்மலாயிடுச்சும்மா. ஒரு மாத்திரயாவது குறையட்டும்” என்றார் மருத்துவர். நல்ல மனிதர்தான், அன்பாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வரும் வழியில் இறங்கி இளநீர் குடித்தோம். 2016-இல் இரண்டாவது முறை வந்தது. மருத்துவமனை போய்ச் சேரும் முன் முடிந்துவிட்டது. அவளுக்கு 61 வயது.

எங்கள் கருவடிக்குப்பத்தை வெளியூர் இலக்கியவாதிகள் பாரதியின் குயில் தோப்பு இருக்கும் இடமாக அறிவார்கள். சித்தானந்த சுவாமி கோயிலைத் தேடியும் வருவார்கள். புதுச்சேரி நகரத்தில் பலருக்கோ இந்த ஊர்ப்பெயரைச் சொன்னால் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆனாலும் பெண்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். பாரதியை வைத்து இருபது ஆண்டுகளாகப் புதுமைப்பெண் பாடம் நடத்துகிறவள், நான் நின்றுவிட்டேன். அதைப் பற்றி வேறொரு கட்டுரை எழுத வேண்டும்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தேடியதுதான் இந்தக் கட்டுரை. ஒரு மருத்துவரின் பேனாவில் தொடங்கியதாக முதலில் நினைத்தேன். அதற்கு இருநூற்றைம்பது வருட வயது என்று பிறகு தெரிந்தது.

மார்வலியை முதன்முதலில் ஒழுங்காக விவரித்து அதற்கு ‘ஆஞ்சைனா’ என்று பெயர் வைத்தவர் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1768-இல் லண்டனில் முதல் உரை. பின்னாளில் அவர் எழுதி வைத்த கணக்குப்படி, அவர் பார்த்த ஏறத்தாழ நூறு பேரில் பெண்கள் மூன்றே பேர், ஒரு சிறுவன், மற்ற எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு அந்த நோய் வரவில்லையா, அல்லது வந்த பெண்கள் மருத்துவரிடம் வரவில்லையா? நூலில் அதற்கு விடை இல்லை. நோயாளி என்றால் நடுவயது தாண்டிய, கழுத்து குறுகிய ஆண் என்ற படம் மட்டும் நிலைத்துவிட்டது.

கொலஸ்ட்ராலுக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் என்பதில் புதுச்சேரிக்காரிக்கு ஒரு சின்ன ஆர்வம். மிஷேல் யூஜின் ஷெவ்ரோல், 1815-இல் பித்தப்பைக் கல்லில் இருந்த மெழுகுப் பொருளுக்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து அந்தப் பெயரை ஆக்கினார். பித்தம், திடம், அவ்வளவுதான் பொருள். அதற்கு எட்டு வருடம் கழித்து, 1823-இல், பிரெஞ்சு அரசு இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய ஜிப்மரின் வேர் அது. ஷெவ்ரோல் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

அமெரிக்காவில் 1948-இல் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, இதயநோய்க்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள். ஆக, பெண்களின் ரத்தம் கணக்கில் இல்லாமல் போகவில்லை. ஆனால் நோயைத் தெரிந்துகொள்ளும் கட்டம் முடிந்து மருந்து கொடுத்துப் பார்க்கும் கட்டம் வந்ததும் பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள், எங்கள் தெருமுனை மாதிரி. 1964-இல் அமெரிக்க இதயச் சங்கம் ஆரிகன் மாநிலத்தில் இதயநோய் குறித்துப் பெண்களுக்கான முதல் மாநாட்டை நடத்தியது. பத்தாயிரம் பெண்கள் வந்தார்கள். மாநாட்டின் பெயர் ‘இதயங்களும் கணவர்களும்’. கணவனின் இதயத்தை மனைவி எப்படிக் காப்பது, என்ன சமைப்பது என்பதே பேசுபொருள். வந்திருந்த பத்தாயிரம் பேருக்கும் ஆளுக்கொரு இதயம் இருந்திருக்கும். இதை வாசித்த இரவு எனக்கு அம்மாவின் உள்ளங்கைதான் கண்ணில் நின்றது.

1966-இல் அங்கே தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் பலன் உண்டா என்று பார்த்தது. 8,341 பேர், எல்லோரும் ஆண்கள். சோதித்த மருந்துகளில் ஒன்று ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் அந்த ஹார்மோனாக இருக்கலாம் என்ற யோசனை. பெண்ணின் ஹார்மோனை எடுத்து ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பெண்களை மட்டும் சேர்க்கவில்லை. ஈஸ்ட்ரோஜனால் தீமையே விளைந்தது, அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்து வந்த இன்னொரு புகழ்பெற்ற ஆய்வில் 12,866 பேர். அதிலும் ஆண்கள் மட்டும். பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு, நோய் பத்து வருடம் தள்ளி வருவதால் ஆய்வுக்கு நிறையப் பேரும் காலமும் செலவாகும் என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் அந்த ஆய்வுகளிலிருந்து எழுதப்பட்ட மருந்துச் சீட்டு பெண்ணிடம் வரும்போது எழுதுகிறவரின் கை தயங்குமா, தயங்காதா?

ஸ்டாட்டின் மருந்தின் கதை வேறு மாதிரி தொடங்கியது. ஜப்பானிய விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, ஒரு மருந்து கம்பெனியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் படிந்த பூஞ்சணத்திலிருந்து 1973-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். எலிக்குக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி கைவிடும் நிலை. உடன் வேலை பார்த்த ஒருவர் தன் ஆராய்ச்சிக்காக முட்டைக் கோழிகள் வளர்த்துவந்தார். முட்டையிடும் கோழியின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் நிறைய இருக்குமே என்று அவற்றுக்குக் கொடுத்தார்கள், ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எலி காட்டாததைப் பெட்டைக்கோழி காட்டியது. 1978-இல் இந்த மருந்தை முதன்முதலில் உட்கொண்ட மனிதரும் ஒரு பெண்தான். ஒசாகாவில் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயோடு இருந்த 18 வயதுப் பெண். அவளுக்குக் கொழுப்பு குறைந்தது, கூடவே தசைத் தளர்ச்சியும் வந்தது. அதைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்களுக்கு அளவைக் குறைத்து, பத்திரமாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் விழுங்கும் மாத்திரையின் முதல் வலி அவளுடையது. எண்டோ 2024-இல் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் அவளைத் தேடினேன். நான் படித்தவற்றில் இல்லை.

மருந்து வேலை செய்யும் விதம் எளிது. கல்லீரல் இரவும் பகலும் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது. நாம் தின்னும் எண்ணெயும் நெய்யும் அதில் ஒரு பகுதிக் காரணம் மட்டுமே. ஸ்டாட்டின் அந்தத் தயாரிப்பில் ஒரு கட்டத்தை மறிக்கிறது. தனக்குத் தேவையானதைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது, ரத்தத்தில் குறைகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமல் நிலைப்படவும் உதவுகிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் அளவு பழைய இடத்துக்கே போய்விடும். அம்மாவின் 104 என்பது மாத்திரை போட்டதால் வந்த 104. ‘நார்மலாகிவிட்டது, நிறுத்தலாம்’ என்ற பேச்சு எவ்வளவு விபரீதமானது என்பதை நான் விளங்கிக்கொள்ளத் தாமதமாகிவிட்டது. கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறதே, இனி கண்ணாடி எதற்கு என்று கழற்றி வைத்தது போலத்தான்.

லேப் தாளில் அச்சடித்த இயல்பு அளவு இதயநோய் இல்லாதவர்களுக்கானது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அம்மா மருந்து சாப்பிட்ட காலத்திலேயே ஐரோப்பிய நெறிமுறை இருந்தது. 2013 இறுதியில் வந்த அமெரிக்க நெறிமுறையோ, மாரடைப்பு வந்தவர்களுக்கு அட்டார்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 போன்ற வீரியமான அளவையே கொடுக்கச் சொன்னது. 2024-இல் இந்திய இதயவியல் சங்கம் வெளியிட்ட நெறிமுறை இன்னும் இறங்கி, இப்படிப்பட்டவர்களுக்கு 55-க்குக் கீழே என்கிறது. ஆனால் தாளில் அச்சான 130 அப்படியே இருக்கிறது. யாருக்கான இயல்பு என்று அந்தத் தாள் சொல்வதில்லை.

மருந்து உயிர் காக்கிறது என்று உறுதி செய்த ஆய்வு 1994 நவம்பரில் வெளியானது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதயநோயுள்ள 4,444 பேர், ஐந்து ஆண்டுகளுக்கு மேல். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 12 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர். அந்த 4,444-இல் பெண்கள் 827. பெண்களிடமும் மாரடைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உயிரிழப்பு குறைந்ததா என்று சொல்லும் அளவுக்குப் பெண்களின் எண்ணிக்கை போதவில்லை. ‘பெண்களுக்குப் பலன் நிரூபிக்கப்படவில்லை’ என்ற பேச்சு இதை வைத்துத்தான் நெடுநாள் நடந்தது. சேர்க்காதது ஒருவர், நிரூபணம் இல்லை என்று சொன்னது இன்னொருவர். 2015-இல்தான் 27 ஆய்வுகளின் 1,74,000 பேர் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, ஒரே அளவு ஆபத்தில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் ஸ்டாட்டினின் பலன் ஒத்ததே என்று அறிவித்தார்கள். அதிலும் பெண்கள் நூற்றுக்கு 27 பேர்தான்.

இடையில் 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரான பெர்னடீன் ஹீலி, மருத்துவ இதழ் ஒன்றில் தலையங்கம் எழுதினார். கல்வி பெறுவதற்காக ஆண் வேடமிட்ட யென்டல் என்ற யூதக் கதைப் பெண்ணை எடுத்துக்காட்டி, பெண் தன் நோயை ஆணின் நோய் மாதிரியே இருப்பதாகக் காட்டினால்தான் ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்றார். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தால், சினிமாவில் அப்பாக்கள் சாய்வது போல, நாங்கள் முதல் நாளே ஓடியிருப்போம். அவள் ஓமம் அரைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் பெண் என்பது மட்டுமே காரணம் என்று எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர், பிரேம் பயஸ் உள்ளிட்டோர் இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் மாரடைப்போடு வந்த 20,937 பேரை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைக்கும் மருந்து வசதியானவர்களில் நூற்றுக்கு 61 பேருக்குக் கிடைத்தது, ஏழைகளில் 36 பேருக்கு. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் நூற்றுக்கு 8.2, வசதியானவர்களில் 5.5. சிகிச்சை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்ததும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது ஏழையின் இதயம் தனியாகப் பலவீனமானதில்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 17 நாடுகளில் நடந்த ஆய்வு 2011-இல் வந்தது. சென்னையும் அதன் களங்களில் ஒன்று. மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்து ஆண்டுகள் ஆனவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று வீடுவீடாகப் போய்க் கேட்டார்கள். இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களில் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 66 பேர். இந்தியாவும் அடங்கிய ஏழை நாடுகளில் 3.3. இந்த எண்ணை நான் வகுப்பில் சொன்னபோது மாணவிகள் முப்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டார்கள். புள்ளியைப் போடச் சொல்ல வேண்டியிருந்தது.

அதே ஆய்வின் 2020 அறிக்கை எனக்கு இன்னும் கவலை தந்தது. நோய் வருவதற்கு முன் தடுப்பு மருந்து சாப்பிடுவதில் பெண்கள் ஆண்களைவிட முன்னே இருக்கிறார்கள். நோய் வந்த பிறகு பின்னால் போய்விடுகிறார்கள். மாத்திரை விழுங்கப் பெண்களுக்குச் சோம்பல் என்ற வாதம் இதன்முன் நிற்காது. அமெரிக்காவிலும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. 2019-இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்டாட்டின் தேவைப்பட்டவர்களில் ஆண்கள் நூற்றுக்கு 78 பேர் அதைப் பெற்றிருந்தார்கள், பெண்கள் 67 பேர். மருத்துவர் அப்படி ஒரு மருந்து உண்டென்று சொல்லவே இல்லை என்றவர்களில் பெண்கள் கூடுதல்.

தமிழ்நாடு அரசு 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அதில் எட்டு, 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின். முதல் நாளே 80. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள கோட்டக்குப்பம் தமிழ்நாடு, நாங்கள் வேறு அரசு. நல்ல திட்டம், வரவேற்கிறேன். என் கவலை அதற்கடுத்த மூவாயிரம் இரவுகளைப் பற்றியது. அந்த இரவுகளில் யார் யாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள்?

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்பு என்ற சொல்லைப் பெண்கள் முதலில் கேட்பது மருத்துவமனையில் இல்லை. எதிர்த்துப் பேசினால் கொழுப்பு, மறு சோறு கேட்டால் கொழுப்பு, படிக்கப் போனால் கொழுப்பெடுத்தவள். பாட்டி அம்மாவைச் சொல்லியிருக்கிறாள், என்னையும் சொல்லியிருக்கிறாள். சங்கப் பாடல்களில் இறைச்சிக் கொழுப்புக்கு நிணம் என்று ஒரு சொல் தனியே இருந்தது, அதில் வசவு இல்லை. மருத்துவர் “உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி” என்றபோது அம்மா கூசிப் போய்ச் சிரித்தது நினைவிருக்கிறது. தப்புச் செய்துவிட்ட சிரிப்பு. அதன் பிறகு அவள் தேங்காயை விட்டாள், முட்டையை விட்டாள், தோசைக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தினாள். மாத்திரை நின்றபோது தண்டனை முடிந்ததாக எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு மிச்சம் சாப்பிட்டவளின் கல்லீரல் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

மாத்திரை தொடர்ந்திருந்தால் அம்மா இருந்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்.டி.எல். 39 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்கிறார்கள். அது ஆயிரம் பேருக்கான கணக்கு, ஒருத்திக்கானதில்லை. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் அந்த இளநீர் தொண்டையில் நிற்கிறது.

போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இட்லி மாவு அரைத்து விற்கிறவர், 56 வயது. பொங்கலுக்கு முன் லேப் தாளோடு வந்தார். “இத பாரு டீச்சர், எல்லாம் நார்மல்னு போட்ருக்கு. ஒரு மாத்திரய நிறுத்திட்டா மாசம் கொஞ்சம் மிச்சம்.” எல்.டி.எல். 98. நானாக எதையும் நிறுத்தவும் கூட்டவும் சொல்லக்கூடாது, நான் தமிழ் டாக்டர்தான் என்றேன். அடுத்த முறை ஓ.பி.யில் மூன்று கேள்வி கேட்கச் சொல்லி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருக்கிறது, எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? இந்த அளவு மருந்து போதுமா? மறுபடி எப்போது ரத்தம் பார்க்க வேண்டும்?

அக்கா கேட்டிருக்கிறார். மருத்துவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரும்மா எழுதிக் கொடுத்தது என்று கேட்டாராம். 10 என்றிருந்தது 40 ஆகி வந்தது. இரண்டு வாரத்தில் முழங்கால் வலிக்கிறது என்று வந்து நின்றார். மாத்திரையாலா, கிரைண்டர் கல்லைத் தூக்கி வைப்பதாலா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வலியை மறைக்காமல் மருத்துவரிடமே சொல்லுங்கள், சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள் என்றேன். “நிறுத்த மாட்டேன், நீ திட்டுவ” என்றார். அடுத்த பரிசோதனைக்கான தேதியை அவர் வீட்டு காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் குறித்துவிட்டு வந்தேன். மணி ஒன்பது ஆகியிருந்தது. அப்பா தண்ணீர்ச் சொம்போடு திண்ணையில் காத்திருந்தார்.